ஷெனெக்டடியில் பிறந்த மட்டை

மட்டையும் மனிதர்களும் – 9

ரப்பர் பந்து வந்து கோல்ஃப் ஆட்டத்தின் தூரக் கணக்கையே மாற்றியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். இந்தப் பகுதியில் தூரத்துக்கு வேலையில்லை. குழியிலிருந்து பத்தடி, ஆறடி, சில சமயம் வெறும் மூன்றடியில் நின்றுகொண்டு ஆட்டக்காரர் கையில் எடுக்கும் பட்டரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பை நிறைய மட்டைகளைச் சுமந்து வந்தாலும், பந்தைக் குழிக்குள் அனுப்பிவைப்பது அநேகமாக இதுதான். ஒரு மைதானத்தின் கணக்கு 72 ஷாட் என்றால், குழிக்கு இரண்டு வீதம் 18 குழிகளுக்கு 36 ஷாட் பட்டருக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தில் சரிபாதி!

உடல் வலு எடுபடாத பாதியும் இதுதான். பட்டரைச் சுற்றி ஏன் இத்தனை சண்டைகள் நடந்தன என்பதைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

1904-ஆம் ஆண்டு, கோடைத் தொடக்கம். இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையை ஒட்டிய சாண்ட்விச் ஊரின் ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்துக்கான போட்டி. 1885-லிருந்து நடந்துவந்த அந்தப் போட்டியில் கடல் கடந்து வந்த எவரும் அதுவரை ஜெயித்ததில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வால்டர் டிராவிஸ் ஜெயிப்பார் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு அப்போது வயது 42. மெலிந்த உடம்பு, கறுத்த தாடி, வாயில் சுருட்டு. ஆஸ்திரேலியாவில் மால்டன் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். பிழைப்புக்காக நியூயார்க் வந்து அங்கேயே தங்கிவிட்டார். முதன்முதலில் கோல்ஃப் மட்டையைத் தொட்டபோதே வயது 34. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில், புத்தகங்களைப் படித்தும் தனியாக நின்று பயிற்சி செய்தும் கற்றுக்கொண்டார். நான்கே ஆண்டுகளில் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் ஆனார். 1900, 1901, 1903 என்று மூன்று முறை அந்தப் பட்டம் அவருடையது.

ஆனாலும் அவரால் பந்தைத் தொலைவுக்கு அடிக்க முடியாது. இளைஞர்களின் முதல் ஷாட் விழும் இடத்துக்கு அவருடைய பந்து போய்ச் சேராது. குழியைச் சூழ்ந்த புல்தரையான கிரீனில் ஏறிய பிறகு பந்தைக் குழிக்குள் உருட்டுவதில்தான் அவர் கெட்டிக்காரர். பிரிட்டனுக்கு வந்து பயிற்சி ஆடியபோது அந்தக் கெட்டிக்காரத்தனமும் அவரைக் கைவிட்டுவிட்டது. எத்தனை தூரத்திலிருந்து உருட்டினாலும் பந்து குழியில் விழ மறுத்தது. போட்டி தொடங்கும் தறுவாயில், உடன் வந்திருந்த அமெரிக்க நண்பர் எட்வர்ட் ஃபிலிப்ஸ் தன் பையிலிருந்த பட்டரை எடுத்து, இதை வைத்து ஆடிப்பாருங்கள் என்று நீட்டினார்.

அந்தப் பட்டரின் பெயர் ஷெனெக்டடி. நியூயார்க் மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வேரூன்றிய தொழில் நகரத்தின் பெயர் அது. அந்த நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆர்தர் நைட்தான் இதை உருவாக்கியவர். 1903-ல் காப்புரிமையும் வாங்கியிருந்தார்.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அந்தக் காலத்துப் பட்டர்கள் பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடாகவோ நீண்ட மரக்கட்டையாகவோ இருக்கும். தண்டு, தலையின் குதிப்பக்க ஓரத்தில் வந்து பொருந்தும். பந்து படவேண்டிய இடம் ஓரிடத்திலும் கை பிடித்திருக்கும் தண்டு வேறிடத்திலும் இருப்பதால், பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் தலை திருகிக்கொள்ளும். நைட் செய்ததில் தலை அலுமினியத்தால் ஆனது. பின்பக்கம் கட்டையாகப் புடைத்திருக்கும். தண்டு ஓரத்தை விட்டு நகர்ந்து ஏறக்குறைய நடுவில் இறங்கும். தண்டின் நேர்கீழே பந்து. விசை எங்கே செல்கிறது, தலை எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்று யோசித்துப் பழகிய ஒருவருக்குத்தான் இந்த யோசனை வரும். தலைமுறை தலைமுறையாக மட்டை செய்துவந்த ஸ்காட்லாந்துக் கைவினைஞர்களில் பலருக்கு இது தோன்றவில்லை என்றால் அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று அர்த்தமில்லை. தண்டு ஓரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் கேள்விக்குரிய விஷயமாகவே நினைத்ததில்லை.

டிராவிஸுக்கு இந்த வகை பட்டர் புதிதல்ல. அமெரிக்காவிலேயே ஆடிப் பார்த்திருந்தார். சாண்ட்விச்சில் அது அவர் கைக்கு மறுபடி வந்ததும் பந்துகள் விழத் தொடங்கின. வழியில் வந்த ஹரால்ட் ஹில்டன் இரண்டு முறை பிரிட்டிஷ் ஓபன் வென்றவர். ஹோரஸ் ஹட்சின்சன் முன்னாள் அமெச்சூர் சாம்பியன். இருவரையும் டிராவிஸ் தோற்கடித்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் எட்வர்ட் பிளாக்வெல், அக்காலத்தில் பந்தை மிக நீளமாக அடிப்பதில் பெயர்பெற்ற ஸ்காட்லாந்துக்காரர். குழிக்குக் குழி பிளாக்வெல்லின் பந்து முன்னே போய்க் கிடந்தது. குழிக்குக் குழி டிராவிஸ் பின்னாலிருந்து வந்து, கிரீனில் கணக்கை நேர்செய்தார். மூன்று குழிகள் மீதமிருக்கும்போதே நான்கு குழி முன்னிலையோடு ஆட்டத்தை முடித்துவிட்டார். சுற்றி நின்ற கூட்டத்துக்குக் கைதட்ட மனம் வரவில்லை. டிராவிஸும் தன்னை அங்கே நடத்திய விதத்தைக் கடைசிவரை மறக்கவில்லை.

வெற்றிச் செய்தி அமெரிக்காவுக்கு எட்டியதும் ஷெனெக்டடி பட்டரைக் கேட்டு ஆட்கள் கடைக்கு ஓடினார்கள். ஒரு மட்டை தன் பெயராலேயே புகழ்பெற்று விற்றது கோல்ஃபில் அநேகமாக இதுவே முதல் முறை. பிரிட்டனில் நடந்ததோ வேறு.

1910-ல், செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து விதிகளை வகுக்கும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், சுத்தியல் போன்ற தலையுடைய மட்டைகளுக்குத் தடை விதித்தது. ஷெனெக்டடியும் அதில் அடக்கம். இதற்கு நேர்க் காரணமாக இருந்தது நியூசிலாந்தின் ங்கா மோட்டு கிளப் எழுப்பிய ஒரு கேள்வி. குரோக்கே ஆட்டத்தின் சுத்தியலைப் போன்ற மட்டையால் பந்தை உருட்டலாமா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில், கேட்டதற்கு மிக அதிகமாகப் போய்விட்டது. அலுமினியத் தலை பிரிட்டனுக்குப் புதிதில்லை. சண்டர்லாந்தில் வில்லியம் மில்ஸ் அதை வார்த்து விற்றுக்கொண்டிருந்தார். முதல் உலகப் போரின் மில்ஸ் கைக்குண்டும் இவர் பெயரைச் சுமந்ததுதான். ஐந்து முறை பிரிட்டிஷ் ஓபன் வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் அலுமினியத் தலை பட்டருக்கு மாறிய பிறகுதான் கிரீனில் தேறினார். அதை ஒருவரும் குற்றமாகப் பார்க்கவில்லை. தண்டு நடுவில் இருந்தால் மட்டும் ஆட்டத்தின் மரபு கெட்டுவிடும் என்றார்கள்.

வடிவத்தைப் பார்த்து வந்த கோபமாக எனக்கு இது படவில்லை. டிராவிஸின் வெற்றிக்கும் தடைக்கும் இடையே ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. அதற்குள் எத்தனையோ பேர் ஷெனெக்டடியை வாங்கி ஆடித் தோற்றுப்போயிருந்தார்கள். மட்டையே பந்தைக் குழிக்குள் போட்டுவிடும் என்றால் அத்தனை பேரும் சாம்பியனாகியிருக்க வேண்டாமா? நீளமாக அடிக்கும் வலுவும் இளமையும் பரம்பரைப் பயிற்சியும் உள்ளவர்களை, நாற்பதைத் தாண்டிய ஒரு வெளியாள் கடைசிப் பத்தடியில் வென்றுவிட்டார். அந்த வலி ஆறவில்லை. அது ஒரு விதியின் உருவத்தில் வெளியே வந்தது.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் இந்தத் தடையை ஏற்கவில்லை. அமெரிக்க அதிபர் வில்லியம் டாஃப்ட் கோல்ஃப் பித்துப் பிடித்தவர். அவரும் ஷெனெக்டடியின் பக்கம் நின்றார். அட்லாண்டிக்கின் ஒரு கரையில் சட்டத்துக்குட்பட்ட மட்டை, மறுகரையில் சட்டவிரோதம். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு விதிப்புத்தகங்கள் என்ற நிலை பட்டரிலிருந்துதான் வெளிப்படையாகத் தொடங்கியது. 1951-ல் இரு அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து விதிகளை ஒருங்கிணைத்தபோதுதான் நடுத்தண்டுப் பட்டருக்கு பிரிட்டனில் விடுதலை கிடைத்தது. நாற்பது ஆண்டுத் தடை! டிராவிஸ் 1927-லேயே காலமாகிவிட்டார்.

இந்த நாற்பது ஆண்டுகளுக்குள் கோல்ஃப் உலகின் மிகப் புகழ்பெற்ற பட்டர் ஒன்று தோன்றியது. தடைபோட்டவர்கள் பயந்த நவீனம் எதுவும் அதில் இல்லை. குதிப்பக்கத்தில் தண்டு பொருத்திய, பழைய பாணி இரும்புப் பட்டர். அட்லாண்டாவைச் சேர்ந்த பாபி ஜோன்ஸ் பிறவி ஆட்டக்காரர். பதினான்கு வயதிலேயே அமெரிக்க அமெச்சூர் போட்டியில் ஆடியவர். ஆனால் பெரிய போட்டிகளில் ஆண்டுக்கணக்காகப் பட்டம் கைக்கெட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது. லாங் ஐலண்டின் நாசோ கிளப்பில் தொழில்முறைப் பயிற்சியாளராக இருந்த ஜிம் மெய்டன், ஜோன்ஸுக்கு ஆட்டம் சொல்லித்தந்த ஸ்டூவர்ட் மெய்டனின் அண்ணன் தம்பிகளில் ஒருவர். அவர் ஒரு பழைய பட்டரை ஜோன்ஸிடம் கொடுத்தார். அதற்கு கலாமிட்டி ஜேன் என்று பெயர். அமெரிக்க மேற்கின் எல்லைப்புறத்தில் துப்பாக்கியும் குதிரையுமாகப் பேர்போன பெண்ணின் பெயர் அது.

ஹிக்கரி மரத் தண்டு. நடுவே அது விரிசல் விட்டிருந்ததால் நூலை இறுகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுகள் கறுப்புப் பட்டைகளாகப் படங்களில் இன்றும் தெரியும். தலையின் முகம் நேராக நிற்காமல் பின்னோக்கிச் சுமார் எட்டு டிகிரி சாய்ந்திருக்கும். இன்றைய பட்டர்களில் இந்தச் சாய்வு மூன்று, நான்கு டிகிரிதான். அந்நாளைய கிரீன்களில் புல் இன்றுபோல ஒட்ட வெட்டப்பட்டதில்லை. பந்து புல்லுக்குள் அமிழ்ந்து உட்காரும். அதை முதலில் சற்றே தூக்கிவிட்டுப் பிறகு உருளவிட அந்தச் சாய்வு தேவைப்பட்டது. ஆகப் பட்டரின் வடிவத்தை மைதானத்தின் புல்லும் தீர்மானித்திருக்கிறது.

1923-ல் இன்வுட்டில் நடந்த அமெரிக்க ஓபனை ஜோன்ஸ் வென்றார். அதுதான் அவருடைய முதல் பெரிய பட்டம். அடுத்தடுத்து 1924, 1925 அமெச்சூர் பட்டங்கள். இதற்குள் கலாமிட்டி ஜேனின் முகம் தேய்ந்துபோனது. அந்த இரும்பு துருப்பிடிக்கும். துருவை நீக்க உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, முகம் சீராக இல்லாமல் பந்து நேராகக் கிளம்ப மறுத்தது. அதே அச்சில் இன்னொன்று செய்யச் சொன்னார் ஜோன்ஸ். அவருடைய பதின்மூன்று பெரிய பட்டங்களில் முதல் மூன்று முதல் ஜேனுக்கும், பின்வந்த பத்தும் இரண்டாம் ஜேனுக்கும் சேரும். 1930-ல் ஒரே ஆண்டில் பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓபன், அமெரிக்க ஓபன், அமெரிக்க அமெச்சூர் என நான்கையும் அவர் வென்றது இரண்டாம் ஜேனைக் கொண்டுதான். மினியாபொலிஸின் இன்டர்லாக்கன் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓபனில், பதினேழாம் குழியில் இரண்டு ஷாட்களைப் பறிகொடுத்துவிட்டு, பதினெட்டாம் குழியில் ஏறக்குறைய நாற்பது அடியிலிருந்து உருட்டி விழவைத்த பந்தை அமெரிக்கர்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், 28 வயதில், அவர் போட்டி ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். முதல் ஜேன் அகஸ்டா நேஷனல் கிளப்பிலும், இரண்டாவது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

ஜோன்ஸின் வெற்றியைக் காட்டி, பழைய வடிவமே சிறந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். ஜோன்ஸைப் போன்ற கை லட்சத்தில் ஒருவருக்கு அமையும். பந்து முகத்தின் நடுவில் படாமல் போகும் மற்றவர்களுக்கு என்ன வழி? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவரும் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்தான். ஆர்தர் நைட்டுக்கு அரை நூற்றாண்டு கழித்து அதே நிறுவனத்திலிருந்து இன்னொருவர் வந்தார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கார்ஸ்டன் சோல்ஹைம், 1911-ல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவின் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தது. தகப்பனார் செருப்புத் தொழிலாளி. பொறியியல் படிக்கச் சேர்ந்த சோல்ஹைம், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் கையில் பணமில்லாமல் படிப்பை நிறுத்திவிட்டு அதே தொழிலுக்கு வந்தார். போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலை, பிறகு ஏவுகணைப் பணி, அதன்பின் ஜெனரல் எலெக்ட்ரிக். அங்கே சக ஊழியர்கள் கூப்பிட்டுப் போனபோது முதன்முதலாக கோல்ஃப் ஆடினார். வயது 42. டிராவிஸ் சாண்ட்விச்சில் கோப்பையைத் தூக்கிய அதே வயது.

பந்தைக் கிரீன் வரை கொண்டுவருவது அவருக்குக் கடினமாக இல்லை, உருட்டுவதுதான் வரவில்லை. பலரும் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு பயிற்சிக்குப் போவார்கள். சோல்ஹைம் மட்டையைக் கையிலெடுத்துப் பார்த்தார். எடையெல்லாம் தலையின் நடுவில் குவிந்திருந்தது. பந்து நடுவை விட்டுச் சற்று விலகிப் பட்டால் தலை திருகும். பந்து திசை மாறும், வேகமும் குறையும். அப்படியானால் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு ஓரங்களுக்கும் தள்ளினால் என்ன? கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது நீண்ட கழியைக் குறுக்கே பிடிப்பதில் உள்ள சூத்திரம்தான் இது. எடை ஓரங்களுக்குப் போகப்போக, திருகுவது கடினமாகும். இரண்டு சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டி வைத்துத் தன் யோசனையை அவர் முதலில் உருவமாக்கிப் பார்த்தார் என்பது அந்நிறுவனம் இன்றும் சொல்லும் செய்தி.

1959-ல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் தன் வீட்டு கார் கொட்டகையில் முதல் பட்டரைச் செய்தார். 1-ஏ என்பது அதன் பெயர். பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று ஓசை எழுந்தது. நிறுவனத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. போட்டிகள் நடக்கும் ஊர்களுக்குத் தானே மட்டைகளைச் சுமந்துகொண்டு போய், பயிற்சிக் கிரீனின் ஓரத்தில் நின்று தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அதன் உருவத்தைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். சிலர் ஆடிப் பார்த்தார்கள். 1962-ல் ஜான் பார்னம் பிங் பட்டரைக் கொண்டு ஒரு பிஜிஏ போட்டியை வென்றார்.

1966 ஜனவரியில் சோல்ஹைமுக்கு ஒரு புது வடிவம் மனத்தில் வந்தது. காகிதம் கைவசம் இல்லை. பக்கத்திலிருந்த இசைத்தட்டின் உறைமேல் வரைந்தார். அதுதான் ஆன்சர். பெயர் யோசனை மனைவி லூயிஸுடையது. எழுத்துகள் மட்டையில் இடம் பிடிக்காதபோது ஓர் எழுத்தைக் குறைத்துவிடச் சொன்னவரும் அவரே.

ஆன்சரை மேலிருந்து பார்த்தால் அதன் அறிவு புரியும். முகத்துக்குப் பின்னால் நடுப்பகுதி வழித்தெடுத்ததுபோல் பள்ளமாக இருக்கும். குதிப்பக்கத்திலும் நுனிப்பக்கத்திலும் இரண்டு திண்டுகள், எடையெல்லாம் அங்கே. தண்டு நேரே தலைக்குள் இறங்காமல், குழாய்க்கு வைக்கும் முழங்கைபோல் ஒரு வளைவு வழியாக இறங்கும். அதனால் கைகள் பந்துக்குச் சற்று முன்னே நிற்கும். பந்தைப் பார்க்கும் கண்ணுக்குத் தண்டு மறைக்காது. அலங்காரத்துக்கென்று ஒரு கோடுகூட இல்லை. 1967-ல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஜூலியஸ் போரோஸ் ஃபீனிக்ஸ் ஓபனை ஆன்சரால் வென்றார். ஆர்டர்கள் குவிந்தன, சோல்ஹைம் ஜெனரல் எலெக்ட்ரிக் வேலையை விட்டார். 1969-ல் ஜார்ஜ் ஆர்ச்சர் அதே பட்டரோடு மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்.

பிங் பட்டரால் பெரிய போட்டியை வெல்பவருக்கு அதே வடிவில் ஒரு தங்கப் பட்டர் செய்து கொடுத்து, இன்னொன்றை ஃபீனிக்ஸிலுள்ள பெட்டகத்தில் வைப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். அந்தப் பெட்டகத்தைவிடப் பெரிய மரியாதை வேறொன்று. காப்புரிமைக் காலம் முடிந்ததும், பட்டர் செய்யும் நிறுவனங்கள் அநேகமாக எல்லாமே ஆன்சரின் வடிவத்தை எடுத்துக்கொண்டன. டைகர் உட்ஸ் அமெச்சூராக இருந்த காலத்தில் ஆடியது பிங் பட்டர். பிறகு ஸ்காட்டி கேமரன் செய்த நியூபோர்ட் 2 பட்டருக்கு மாறினார். அவருடைய பதினைந்து பெரிய பட்டங்களில் பதினான்கு அந்த ஒரே பட்டரில் வந்தவை. நியூபோர்ட்டின் இரு திண்டுகளையும் முழங்கை வளைவையும் ஒரு தரம் பார்த்தால் அது யாருடைய வடிவம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படிப்பட்ட மட்டை ஒன்றை, டைகருக்காக மாற்றாக வைத்திருந்ததை மட்டுமே, 2021-ல் ஏலத்தில் 3,93,300 டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

கோல்ஃப் வரலாறு எழுதுபவர்கள் ஜோன்ஸுக்குப் பத்து அத்தியாயமும் டைகருக்குப் பத்து அத்தியாயமும் ஒதுக்குவார்கள். ஆர்தர் நைட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பு. பந்துக்கும் தண்டுக்கும் உள்ள உறவைக் கேள்வி கேட்ட முதல் ஆட்களில் ஒருவர் அவர். அவருக்கு முழு அத்தியாயம் தரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1987 ரைடர் கோப்பையில் பென் கிரென்ஷா தன் பிரியமான பட்டரை ஆத்திரத்தில் உடைத்துக்கொண்டு, மீதி ஆட்டம் முழுதும் கிரீனில் பட்டரே இல்லாமல் தவித்ததை அடுத்த இதழில் பார்ப்போம். நீண்ட பட்டரை வயிற்றில் ஊன்றி ஆடும் முறைக்கு 2016-ல் வந்த தடையும் அதே பகுதியில் இடம்பெறும்.